நாளிதழ் மேஜையில் வாக்காளர் பட்டியல்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 2025 டிசம்பர் 19ஆம் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டின் வரைவு வாக்காளர் பட்டியல் அன்றைக்குத்தான் வெளியானது. 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை என்று சாயங்காலச் செய்தியில் சொன்னார்கள். மறுநாள் காலை வழக்கம்போல நாளிதழ் படிக்கப் போனேன். நூலகத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை நான் நூலகத்துப் பக்கம் பார்த்ததே இல்லை. மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர், சைக்கிள் கடைக்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண், பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள். நூலகர் வந்து பூட்டில் சாவியை நுழைப்பதற்குள்ளேயே மீன்கார அம்மா கேட்டுவிட்டார்: "மேடம், எங்க பேரு இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

தாலுகா அலுவலகம் அங்கிருந்து அரை கிலோமீட்டர்கூட இல்லை. வாக்குச்சாவடியாக இருக்கும் பள்ளிக்கூடம் அடுத்த தெரு. அதையெல்லாம் தாண்டி இவர்கள் ஏன் நூலகத்துக்கு வந்து நின்றார்கள் என்பதை அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் யோசிக்கிறேன். அதே வருடத்தின் தொடக்கத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில், "நூலகத்துக்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டவர்கள் பக்கம் கை தூக்கியவன் நான். தபால் துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரசு இடத்தில் அரசியல் வாடை வரக் கூடாது என்பது எனக்கு உடம்போடு ஊறிப்போன விஷயம். அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

கையை நீட்டிய நாள்

ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாள். 1950இல் தேர்தல் ஆணையம் தொடங்கப்பட்ட தேதி அது. 2011இலிருந்து வருடா வருடம் கடைப்பிடிக்கிறார்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் அந்த நாள் தெரியும். வரிசையாக நின்று, வலது கையை முன்னால் நீட்டி, ஒருவர் படிக்கப் படிக்க உறுதிமொழியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் எங்கள் நூலகத்திலும் எடுத்தோம். வாசகர் வட்டத்தில் இருபது பேர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பதினைந்து பேர்.

தமிழ்நாட்டில் எந்த ஊர் நூலகத்துக்குப் போனாலும் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கலாம். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து, சாயங்காலம் மூடும்வரை படிப்பார்கள். குரூப் 4, குரூப் 2, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு. எங்கள் நூலகத்தில் கதைப் புத்தகம் எடுக்கிறவர்களைவிட இவர்கள்தான் அதிகம். உறுதிமொழி முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும், எனக்கு எதிரில் இருந்த பெண்ணிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "ஓட்டுப் போடுற வயசை 18ஆக் குறைச்சது எத்தனையாவது திருத்தம்மா?" அவள் புத்தகத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "61 சார். 1988ல நிறைவேத்தினாங்க. 1989 மார்ச் 28ல அமலுக்கு வந்துச்சு. பிரிவு 326." சரி, போன வருடம் ஏப்ரலில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டாயா என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். "எனக்கு ஓட்டு இல்ல சார்."

அவளுக்கு 23 வயது. பதினெட்டு முடிந்தபோது கொரோனா. அப்புறம் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள். அப்புறம் தேர்வு, இன்னொரு தேர்வு. "பரீட்சை முடியட்டும், பாத்துக்கலாம்னு விட்டுட்டேன் சார்." பக்கத்தில் இருந்தவர்களையும் கேட்டேன். பதினைந்து பேரில் ஆறு பேருக்கு ஓட்டு இல்லை. தேர்தல் ஆணையத்தைப் பற்றிய பிரிவு 324 என்று அந்த ஆறு பேருக்கும் தெரியும். பதினெட்டு முடிந்தவர்கள் பெயர் சேர்ப்பதற்கு வருடத்தில் ஒரு தகுதி நாள் என்றிருந்தது, இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு நாள்களாக ஆகியிருக்கிறது என்பதும் தெரியும். நடப்பு நிகழ்வுகளில் படித்திருக்கிறார்கள். பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருவரும் பார்த்ததில்லை.

அன்றைக்கு எடுத்த படம் நூலக அறிவிப்புப் பலகையில் ரொம்ப நாள் இருந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் நீட்டிய கைகளில் அந்த ஆறு கைகள் எவை என்று என் கண் தேடும்.

நான் சொன்னதைக் கேட்ட நூலகர், பிப்ரவரிக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார். சனிக்கிழமைகளில் நாளிதழ் மேஜையின் ஒரு ஓரத்தை ஒதுக்கலாம். படிவம் 6, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்குமான படிவம் 8, எங்கள் பேரூராட்சி வார்டுகளின் வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றை அங்கே வைக்கலாம். வாசகர் வட்டத்திலிருந்து ஒருவர் உட்காரலாம். அவ்வளவுதான்.

அதற்கு எதிர்ப்பு வந்தது எங்கள் வட்டத்திலேயே மூத்தவரான ஓய்வு பெற்ற தலைமையாசிரியரிடமிருந்து. அவர் சொன்ன காரணம் லேசானதல்ல. அவருடைய இளமையில் எங்கள் ஊரில் மூன்று படிப்பகங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு கொடி, உள்ளே அந்தக் கட்சியின் பத்திரிகை. திராவிட இயக்கமும் கம்யூனிஸ்டுகளும் தஞ்சைப் பக்கத்தில் வளர்ந்ததே கீற்றுக் கொட்டகைப் படிப்பகங்களில்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் உரக்கப் படிப்பார், சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஆனால் ஒருவன் எந்தப் படிப்பகத்துத் திண்ணையில் உட்காருகிறான் என்பதை வைத்தே அவன் யாருக்கு ஓட்டுப் போடுவான் என்று ஊர் முடிவு செய்துவிடும். "இந்தக் கட்டடம் ஒண்ணுதான் எல்லாரும் ஒரே மேஜையில உக்காந்து படிக்கிற எடம். இதையும் கெடுத்துறாதீங்க" என்றார். எனக்கு அது முழுக்கச் சரியாகப் பட்டது. அவர் பக்கம் கை தூக்கினேன்.

நூலகர் கோபப்படவில்லை. அவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். தலைமையாசிரியரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "அய்யா, போன ஜூன்ல யாழ்ப்பாண நூலகத்தப் பத்தி நீங்கதானே பேசினீங்க?" ஆமாம், அவர்தான் பேசியிருந்தார். 1981 மே 31 இரவில் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்ததை அவர் விவரித்தபோது கூட்டத்தில் பலர் கண் கலங்கினார்கள். நூலகர் தொடர்ந்தார்: "அந்தப் பேச்சுல ஒரு தேதி சொன்னீங்க. ஜூன் 4. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். நாலு நாள்ல தேர்தல வச்சுக்கிட்டு நூலகத்த எரிச்சாங்கன்னு சொன்னீங்க. எரிச்சவங்களுக்கு ரெண்டுக்கும் உள்ள சம்பந்தம் தெரிஞ்சிருக்கு. நமக்குத் தெரிய வேண்டாமா அய்யா?"

தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி" என்றார். "ஆனா கட்சிக்காரன் ஒருத்தன்கூட அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காரக் கூடாது. அதுக்கு நீங்க பொறுப்பு."

மேஜைக்கு அந்தப் பக்கம்

மார்ச்சிலிருந்து மேஜை போட்டோம். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. முதல் சனிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள், அடுத்த வாரம் யாரும் இல்லை. அந்த ஆறு பேரில் மூன்று பேர் ஏப்ரலுக்குள் படிவம் கொடுத்தார்கள். பிரிவு 326 சொன்ன பெண் கொடுக்கவில்லை. வாங்கி மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். கோடை விடுமுறையில் நானே ஒரு கட்டத்தில், இதற்கு ஒரு மேஜை வீண் என்று நினைத்தேன். நூலகர் மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஓரத்தைத் துடைத்து, படிவங்களை அடுக்கி, மேலே ஒரு கூழாங்கல்லை வைத்துவிடுவார்.

நவம்பர் 4ஆம் தேதி வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அந்த ஒன்றரை மாதத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம் வந்தது. அதில் 2002 அல்லது 2005 பட்டியலில் நம் பெயரோ, அப்பா அம்மா பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று எழுத வேண்டும். இருபது வருடத்துக்கு முந்தைய வரிசை எண் யாருக்கு நினைவிருக்கும்? வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் பாவம், ஓடி ஓடிக் களைத்துப்போனார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் அங்கன்வாடிப் பணியாளர். காலையில் குழந்தைகள், மத்தியானத்துக்கு மேல் படிவம். ஒரு படிவத்தை விளக்க அரை மணி நேரம் செலவழிக்க அவரால் முடியாது. "லைப்ரரில மேஜை போட்டிருக்காங்க, அங்க போங்க" என்று அவர்தான் முதலில் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வாரத்தில் சனிக்கிழமை மேஜை தினசரி மேஜையானது.

பழைய பட்டியலைத் தேடுவது நூலக வேலைக்கு ரொம்ப நெருக்கமானது என்பதை அப்போதுதான் கண்டேன். அட்டவணை தெரிய வேண்டும், பொறுமை வேண்டும். 2008இல் தொகுதி மறுவரையறை வந்ததால் வலங்கைமான், திருவோணம் என்று இப்போது இல்லாத தொகுதிகளின் பெயரில் எல்லாம் பட்டியல் இருக்கும். எந்தக் கிராமம் அப்போது எந்தத் தொகுதியில் இருந்தது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் தபால் பிரித்தவனுக்குத் தெருப் பெயரும் பழைய கதவு எண்ணும் மறக்காது. நான் ஊரையும் தெருவையும் சொல்ல, அவர்கள் நூலகத்தின் ஒரே கணினியிலும் தங்கள் கைபேசிகளிலும் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்ப்பார்கள். எழுத்து மங்கிய பக்கங்கள். சில பெயர்களில் எழுத்துப் பிழை. தனலெட்சுமி, தனலட்சுமி, தனலக்ஷ்மி என்று மூன்று விதமாகவும் தேட வேண்டியிருக்கும்.

அந்த நாட்களில்தான் தலைமையாசிரியர் பயந்த விஷயமும் நடந்தது. ஒரு கட்சியின் வாக்குச்சாவடி முகவர், கரை வேட்டியோடு வந்து, "நாங்களும் ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கிறோம், மக்களுக்கு உதவி பண்றோம்" என்றார். நல்ல மனிதர்தான், பல வருடமாக இங்கே நாளிதழ் படிக்க வருகிறவர். நூலகர் எழுந்து நின்று, மரியாதையாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அண்ணே, கரை வேட்டியோட உள்ள வரலாம், பேப்பர் படிக்கலாம், உங்க படிவத்துக்கு உதவி கேக்கலாம். மேஜைக்கு அந்தப் பக்கம் மட்டும் உக்கார முடியாது." அவர் கொஞ்சம் முகம் சுருங்கினார். மறுநாள் தன் அம்மாவின் படிவத்தை எடுத்துக்கொண்டு மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். இன்னொரு கட்சியின் முகவரும் அதே வாரம் வந்தார். அவருக்கும் அதே பதில். தலைமையாசிரியர் இரண்டையும் தூரத்து நாற்காலியில் இருந்து பார்த்தார். அடுத்த நாளிலிருந்து மேஜைக்கு அந்தப் பக்கம் அவரே உட்கார ஆரம்பித்தார்.

சார்பில்லாமல் இருப்பதென்றால் பேசாமல் இருப்பது என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். தபால் அலுவலகத்தில் அப்படித்தான் இருந்தேன். யாருக்கும் உதவாமல் சார்பில்லாமல் இருப்பது சுலபம். வருகிற எல்லோருக்கும் ஒரே அளவில் உதவிக்கொண்டு சார்பில்லாமல் இருப்பதற்கு நெஞ்சுறுதி வேண்டும். அதை அந்த நூலகரிடம் பார்த்தேன்.

வரிசை எண் 412

டிட்வா புயல் மழை கொட்டிய நவம்பர்க் கடைசி. வயலெல்லாம் தண்ணீர் நின்றது. நூலகத்தில் கூட்டம் இல்லை. சாயங்காலம் நான்கு மணி இருக்கும், ஒரு பெண் நனைந்த குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றார். ஐம்பதை நெருங்கிய வயது. வீட்டு வேலைக்குப் போகிறவர். நூலகத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, கல்யாணமாகி வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது, உள்ளே வந்தது அன்றைக்குத்தான் முதல் முறை. பிளாஸ்டிக் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். அவர் பெயர் 2002, 2005 பட்டியல் எதிலும் இல்லை. அந்த வருடங்களில் பிழைப்புக்காகத் திருப்பூரில் இருந்திருக்கிறார்கள். அப்பா பெயரைத்தான் தேட வேண்டும். பிறந்த ஊர் வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். அப்பா இறந்து பதினேழு வருடமாகிறது. அண்ணன் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை.

பிரிவு 326 சொன்ன பெண்தான் அன்று கணினியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கிற பெயர். முதல் பாகத்தில் கிடைக்கவில்லை. இரண்டாவதில் அதே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள், ஆனால் அவர்களுடைய அப்பா பெயர் ஒத்துப்போகவில்லை. நான் அந்த அம்மாவிடம் தெருவைக் கேட்டேன். காலனித் தெரு என்றார். காலனித் தெரு தனிப் பாகமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பட்டியலிலும் நாம் தனியாகத்தான் வைத்திருக்கிறோம். அடுத்த பாகத்தைத் திறக்கச் சொன்னேன். அவள் ஒவ்வொரு வரியாக விரலை வைத்து உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். வரிசை எண் 409, 410, 411. நானூற்றுப் பன்னிரண்டைப் படித்ததும் அந்த அம்மா, "அதான். அதான் எங்கப்பா" என்றார். அடுத்த வரியில் அவருடைய அம்மா. அதற்கடுத்து, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன்.

அவர் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். தொடலாமா என்று கேட்டார். ஆள்காட்டி விரலால் அந்த வரியை இடமிருந்து வலமாக ஒருமுறை தடவினார். அப்பாவின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லையாம். ரேஷன் அட்டை பழசானபோது வாங்கிக்கொண்டார்களாம். "அவரு கூலி வேலைதாம்மா பாத்தாரு. ஆனா ஓட்டுக்கு மட்டும் காலையில மொத ஆளாப் போய் நிப்பாரு. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு. எங்களயெல்லாம் கூட்டிக்கிட்டுப் போவாரு, மை வச்ச வெரலக் காட்டுவாரு." இதை எங்களைப் பார்த்து அவர் சொல்லவில்லை, திரையைப் பார்த்துச் சொன்னார். "இதுல பேரு எழுதி வச்சிருக்காங்களே" என்று இரண்டு முறை சொன்னார்.

தேர்தல் பட்டியல் என்பதை ஓர் ஊரில் இருக்கிற எல்லோரையும், ஒருவர் விடாமல், பெயரோடும் தகப்பன் பெயரோடும் எழுதி வைத்த புத்தகமாக நான் அதுவரை நினைத்ததில்லை. நூலகத்தில் இருக்கிற எந்தப் புத்தகத்திலும் அந்தக் கூலிக்காரரின் பெயர் இல்லை. இதில் இருந்தது.

அந்த அம்மாவின் படிவத்தில் தொகுதி எண், பாகம் எண், வரிசை எண் எல்லாவற்றையும் அந்தப் பெண்தான் எழுதினாள். எழுதி முடித்து மையை ஊதிக் காயவைத்துக் கொடுத்தாள். அவர் போனபிறகு, தன் பொது அறிவுப் புத்தகத்தைத் திறந்தாள். எட்டு மாதமாக உள்ளே மடிந்திருந்த படிவம் 6 வெளியே வந்தது. மடிப்பில் காகிதம் கிழியத் தொடங்கியிருந்தது. "புதுசு ஒண்ணு குடுங்க சார்" என்றாள்.

ஏன் இங்கே வந்தார்கள்

என் அண்ணன் மகன் ஸ்டாக்ஹோமில் இருக்கிறான். இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது அவனுக்கு ஆச்சரியமே இல்லை. 2022 செப்டம்பரில் அங்கே தேர்தல் நடந்தபோது, அவன் நூலகத்தில்தான் வாக்களித்தானாம். சுவீடனில் தேர்தலுக்கு 18 நாள் முன்பிருந்தே முன்கூட்டி வாக்களிக்கலாம். அந்த வாக்குச்சாவடிகளில் பல, பொது நூலகங்களுக்குள் இருக்கின்றன. மூன்று வருடம் பதிவோடு வசித்தால் வெளிநாட்டுக்காரர்களும் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பதால், இந்தியக் கடவுச்சீட்டோடு இருக்கிற இவனுக்கும் வாக்கு உண்டு. ஜனநாயகச் சமூகத்தின் வளர்ச்சிக்கு நூலகங்கள் பாடுபட வேண்டும் என்று அந்த நாட்டின் நூலகச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. குழந்தைப் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் தடுப்பு வைத்திருந்தார்களாம். வாக்களித்துவிட்டு மகளுக்கு இரண்டு படப் புத்தகம் எடுத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னான்.

நம்மிடமும் அதற்கான அடித்தளம் இருக்கிறது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் 1931இல் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனவர்கள் நாம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் விடாமல் வலியுறுத்தியதன் பலனாக, 1948இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். இன்றைக்கும் நம் சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலக வரி சேர்கிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாகவே போட்டிருப்பார்கள். நான் இத்தனை வருடம் கட்டியிருக்கிறேன், கவனித்ததில்லை. நாம் அனுப்பி வைத்தவர்கள் சட்டம் போட்டு, நாம் கட்டுகிற வரியில் நடக்கிற இடம் இது. தேர்தலுக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட எனக்கு இது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் மீன்கார அம்மாவுக்கு 1948ஆம் வருடச் சட்டம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் ஏன் வந்தார் என்பதற்கு நூலகர் வேறொரு விதத்தில் பதில் காட்டினார். ஒரு நாள் அலமாரியிலிருந்து ஆலோசனைப் பதிவேட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். நீளக் கணக்கு நோட்டு, காலிக்கோ அட்டை, ஓரமெல்லாம் செல்லரித்தது. நூலகத்தைப் பற்றி வாசகர்கள் கருத்து எழுதுவதற்கானது. இன்ன நாவல் வாங்க வேண்டும், மின்விசிறி சத்தம் போடுகிறது, குடிதண்ணீர் வைக்கவும் என்றுதான் எழுதியிருப்பார்கள். 2016 கடைசியிலிருந்து பக்கங்களின் தன்மை மாறுகிறது. "மூன்றாவது தெருவில் விளக்கு எரியவில்லை." "ஆண்கள் பள்ளிக்கு எதிரே சாக்கடை அடைத்து நாற்பது நாள்." "தண்ணீர் மஞ்சளாக வருகிறது, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு." ஒருவர் பென்சிலில் எழுதியிருந்தார்: "இங்கே எழுதுவது சரியா என்று தெரியவில்லை. எங்கே எழுதுவது என்றும் தெரியவில்லை."

2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தபிறகு, நகரங்களுக்கும் பேரூர்களுக்கும் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19இல்தான். ஐந்து வருடத்துக்கு மேல் வார்டுக்கு உறுப்பினர் கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. அந்த இடைவெளியில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு, யார் வேண்டுமானாலும் திறந்து எழுதலாம் என்று கிடைத்த ஒரே நோட்டு இதுதான் போல. அத்தனை வருடம் கழித்து வந்த அந்தத் தேர்தலில் சென்னையில் 44 சதவீதம்கூட வாக்குப் பதிவாகவில்லை. தேர்தலே நடத்தாமல் பழக்கிவிட்டு, மக்கள் வரவில்லை என்று குறை சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை. நாங்கள் மேஜை போடுவதற்கு எட்டு வருடம் முன்பிருந்தே மக்கள் இங்கே வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். நாங்கள்தான் அந்த நோட்டைத் திறந்து பார்க்கவில்லை.

இப்போது அந்தப் பதிவேட்டை மாதம் ஒருமுறை வாசகர் வட்டக் கூட்டத்தில் உரக்கப் படிக்கிறோம். வார்டு உறுப்பினரையும் கூப்பிடுகிறோம். இரண்டு முறை வந்தார், ஒரு முறை வரவில்லை. வராத அன்று அவருடைய நாற்காலியைக் காலியாகவே போட்டு வைத்தார் தலைமையாசிரியர்.

அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வேறு ஊர் வாசகர் வட்டத்தில் யாராவது இதைப் படித்தால் உதவும். வேட்பு மனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். சொத்து, கடன், நிலுவையில் இருக்கும் குற்ற வழக்கு, படிப்பு எல்லாம் அதில் இருக்கும். உச்ச நீதிமன்றம் 2002, 2003 தீர்ப்புகளில் வாக்காளருக்கு வாங்கிக் கொடுத்த உரிமை அது. ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் நாற்பது பக்கப் பத்திரத்தைக் கைபேசியில் திறந்து படிக்கிறவர் எத்தனை பேர்? எங்கள் தொகுதியில் போட்டியிடுகிற எல்லோருடையதையும், சுயேச்சை உட்பட ஒருவர் விடாமல், வாக்குச்சீட்டில் வருகிற அதே வரிசையில் அச்செடுத்து, நூல் கட்டி நாளிதழ் மேஜையில் வைக்க விரும்புகிறோம். ஒரு சொல் விமர்சனம் எழுத மாட்டோம். அடிக்கோடுகூடப் போட மாட்டோம். முறைப்படி அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

அந்த டிசம்பர் சனிக்கிழமைக்கு வருகிறேன். மீன்கார அம்மாவின் பெயர் வரைவுப் பட்டியலில் இல்லை. நீக்கப்பட்டவர்கள் பட்டியலில், இடம் மாறியவர் என்ற காரணத்தோடு இருந்தது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதால் அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். பிரிவு 326 பெண் படிவம் 6ஐ எடுத்து, கூட வைக்க வேண்டிய உறுதிமொழியையும் எடுத்து, அவரை உட்கார வைத்து எழுதிக் கொடுத்தாள். என்னென்ன நகல் வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் தனியாகக் குறித்தும் கொடுத்தாள். வேலை முடிந்தும் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார், அலமாரிகளைப் பார்த்தார். "இங்க சும்மா யாரு வேணா வந்து உக்காரலாமா?" என்று கேட்டார். உட்காரலாம் என்றார் நூலகர். "காசு எதுவும்?" ஒன்றும் இல்லை, இதில் மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அந்த அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து எழுதினார். எழுதி முடித்து, மேலே இருந்த பெயர்களையும் ஒருமுறை படித்துப் பார்த்தார்.